சொல்லும் சார்பும்: நடுநிலை வகுப்புகளில் சூழல்வழிப் பொருளுணர்தல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அறியாத சொல்லொன்றின் பொருளை அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டு உய்த்துணரும் பயிற்சி, அண்மைக்காலக் கல்வியியல் தந்த புதுமுறையாகவே ஆசிரியர் பயிற்சிகளில் அறிமுகப்படுத்தப்படுகிறது. தமிழ் இலக்கண மரபிலும் உரை மரபிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆயினும் அம்மரபு புலவர்க்குரியதாகவே நின்றது. சிறுவர்க்கு நிகண்டு மனனமே வாய்த்தது. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தொடர்பு எவ்வாறு அறுந்தது என்பதையும், இன்றைய ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அதன் விளைவு யாது என்பதையும் ஒரகடம் தொழில் வட்டாரத்துச் சேரப்பணஞ்சேரியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூழற்பொருள், சார்பு, நிகண்டு, அரும்பதவுரை, உரியியல், நடுநிலைக் கல்வி

முன்னுரை

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்திற்கும் இடையில் அமைந்த ஊர் சேரப்பணஞ்சேரி. அவ்வூர்ச் சிறுவர் எவர்க்கும் ‘சிப்காட்’ என்னும் சொல்லின் பொருளை யாரும் கற்பித்திருக்கத் தேவையில்லை. அது 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமொன்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் என்பது பெரியவர் பலர்க்கும் தெரியாது. எனினும் தொழிற்சாலைகள் நிறைந்த இடம், ஷிப்ட் பேருந்துகள் செல்லும் இடம், அக்காவோ அண்ணனோ வேலைக்குப் போகும் இடம் என அதன் பொருள் பிழையறப் பிடிபட்டுவிடுகிறது. பல்வேறு பேச்சுச் சூழல்களில் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு பெற்ற பொருள் அது.

இதே சிறுவர் வகுப்பறையில் செய்யுள் ஒன்றில் ‘மடை’ என்னும் சொல்லைக் காணுங்கால் அவ்வாறு செய்வதில்லை. பக்கத்தின் அடியிலுள்ள ‘சொல்லும் பொருளும்’ பகுதிக்குக் கண்ணைத் தாழ்த்துகின்றனர். அங்கு அச்சொல் இல்லையெனில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்வரை காத்திருக்கின்றனர். வெளியே இயல்பாக நிகழும் உய்த்துணர்வு வகுப்பறை வாயிலில் ஏன் நின்றுவிடுகிறது? விடையைத் தேடச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

தொல்காப்பியம் காட்டும் துணைகள்

சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பகுக்கிறார் தொல்காப்பியர். வினையால் வேறுபடுவது ஒன்று. வினையால் வேறுபடாதது மற்றொன்று. முதல்வகைச் சொல்லின் பொருள் தெளிவதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று துணைகளைக் குறிக்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்கின்றனர். அது பூத்தது என்றால் மரம். இது வினையால் தெளிந்தது. மருதமரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டால் அதுவும் மரமே. இது இனத்தால் தெளிந்தது. கவசம் அணிந்து நிற்பவன் ஒருவன் அதனைக் கொண்டுவரச் சொன்னால் குதிரை. ஈண்டு வாக்கியத்தினுள் துணை ஏதுமில்லை. சொல்பவனின் கோலமும் நிலையுமே பொருளைத் தருகின்றன. சார்பு என்பது இதுவே.

கல்வியியலார் ‘சூழற்குறிப்பு’ என இன்று வழங்குவதை வாக்கியத்தின் உள்ளே இருப்பதாக மட்டும் கருதும் போக்கு உண்டு. தொல்காப்பியமோ வாக்கியத்தின் உள்ளிருப்பதையும் புறத்திருப்பதையும் வேறுபிரித்து, இரண்டையும் ஏற்கிறது. இதனைவிட முதன்மையானது அடுத்து வரும் விதி. வினையால் வேறுபடாத சொல்லைக் கிளந்தே கூற வேண்டும் என்கிறது அது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமும் வீழும், குதிரையும் வீழும். கேட்பவன் எவ்வளவு கூர்மையானவனாயினும் பயனில்லை. ஆகவே மாமரம் வீழ்ந்தது எனச் சொல்பவனே தெளிவுபடுத்த வேண்டும். சூழல் கைகொடுக்காத இடமும் உண்டு என்பதையும், அங்குப் பொறுப்பு கேட்பவனுடையது அன்று என்பதையும் இவ்விதி உணர்த்துகிறது. பாடநூல் எழுதுவோர் நோக்கில் இதனைப் படித்தால் இதன் கனம் புலப்படும்.

உரியியல் மேலும் ஒருபடி செல்கிறது. வெளிப்படையான சொற்களை விளக்க வேண்டுவதில்லை என்றும், பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்த வேண்டும் என்றும், உரிச்சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் வருபவற்றை நாடி உணர வேண்டும் என்றும் அவ்வியல் கூறுகிறது. பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையில்லை என்னும் எச்சரிக்கையும் அங்கே உண்டு. உணர்வதற்குரிய வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்னும் நூற்பாவுக்குச் சேனாவரையர் தரும் விளக்கம் ஓர் ஆசிரியரின் குரலாகவே ஒலிக்கிறது. விளங்கத் தொடர்மொழியால் கூறியும், பொருளையே காட்டியும் உணர்த்தலாம். அதற்கு மேலும் உணராதவனுக்கு வேறு வாயில் இல்லை என்பது அதன் கருத்து.

தொல்காப்பியர் இக்காலக் கல்வியியலை முன்னரே கண்டுவிட்டார் எனப் பெருமை பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நூல் சிறுவர்க்காக எழுதப்பட்டதன்று. கற்பிக்கும் முறைநூலும் அன்று. சூழலால் பொருள் காண்பது எவ்வாறு நிகழ்கிறது, எங்கே தவறுகிறது என்னும் சிந்தனை தமிழில் முறையாக நடந்தது என்பதே ஈண்டு வேண்டுவது.

திண்ணைப் பள்ளியும் நிகண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிச் சிறுவனுக்குச் சொல்வளம் வேறு வழியில் வந்தது. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி ஆகியவற்றோடு நிகண்டும் மனனத்திற்குரியதாயிருந்தது. திவாகரமும் பிங்கலந்தையும் நூற்பாவில் அமைந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தத்தில் அமைந்ததால் ஓதுவதற்கு எளிதாயிற்று. பள்ளிகளில் அதுவே பெரிதும் பரவிற்று. உ. வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியைப் பற்றி ‘என் சரித்திர’த்தில் எழுதும் பகுதிகள், நினைவாற்றலை வளர்க்கவெனவே பள்ளியில் பயிற்சிகள் இருந்தமையைக் காட்டுகின்றன. பூ, ஊர், விலங்கு முதலியவற்றின் பெயர்களை மாலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் சொல்லி அனுப்புவார்; மறுநாள் மறவாமல் ஒப்பிக்க வேண்டும்.

இதனைப் பொருளறியா மனனம் என ஒதுக்குவது எளிது. பலரும் அவ்வாறே ஒதுக்கியுள்ளனர். கட்டுரையாளர் இதில் உடன்படவில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருளுக்குரியது. அதில் சொற்கள் எதுகை முறையில் அடுக்கப்பட்டுள்ளன. ‘மா’ என்னும் ஒரு சொல்லுக்குக் குதிரை, விலங்கு, மாமரம், வண்டு, திருமகள் எனப் பல பொருள்களை நிகண்டு வழியே அறிந்தவன், எண்சுவடியில் அதே சொல்லை இருபதில் ஒரு பங்காகவும் கற்றிருப்பான். பின்னாளில் ஒரு செய்யுளின் முன் அமர்ந்ததும் இவற்றுள் எது என்று தேர்வது அவன் வேலை. நிகண்டு பொருள்களைக் குவித்துத் தந்தது. செய்யுளும் ஆசிரியரும் அவற்றுள் ஒன்றைத் தேரச் செய்தனர். அதாவது மனனமும் சூழலறிவும் ஒரே கல்வியின் இரு படிகள். குறை எங்கேயெனில், இரண்டாம் படிக்கு ஏறியவர் மிகச் சிலர். கணக்கும் ஓலை எழுத்தும் கைவந்ததும் பெரும்பாலோர் பள்ளியை விட்டகன்றனர். நிகண்டோடு நின்றவனிடம் சொற்கள் இருந்தன. அவற்றை இட்டு நிரப்பும் இடங்கள் இல்லை. பள்ளியின் வாயிலே பலர்க்கு அடைபட்டிருந்த காலம் அது என்பதையும் மறத்தலாகாது.

ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சியந்திரம் பெற்ற உடனே பதிப்பித்தவற்றுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. அடுத்த ஆண்டிலிருந்து அவருடைய பாலபாடங்கள் வரத் தொடங்குகின்றன. தொடர்ந்த உரைநடையில், எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் வரிசையில் சொற்களை மீள மீள வழங்கும் வாசிப்பு நூல்கள் அவை. மனனத்திற்குரிய பழைய கருவியும் வாசிப்புக்குரிய புதிய கருவியும் ஒருவர் கையிலிருந்தே ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தமை கருதத்தக்கது. நாவலர்க்கு இரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றவில்லை.

அரும்பதமும் அகராதியும்

வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொற்களை அகர வரிசையில் வைத்தபோது மனனத்தின் தேவை குறையத் தொடங்கிற்று. வின்சுலோ அகராதி (1862), சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) எனத் தேடிப் பார்க்கும் நூல்கள் பெருகின. சொல்லை நினைவில் சேர்க்கும் வேலையை நூல் ஏற்றுக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் வேலை படிப்பவனிடமே எஞ்சிற்று.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது அரும்பதவுரை. சிலப்பதிகாரத்திற்குப் பழைய அரும்பதவுரை ஒன்றுண்டு, அடியார்க்குநல்லாருரைக்கும் முற்பட்டது. சாமிநாதையர் 1892-இல் இரண்டையும் சேர்த்தே பதிப்பித்தார். நிகண்டு ஒரு சொல்லின் பொருள்கள் அனைத்தையும் கூறும். அரும்பதவுரையோ இவ்விடத்தில் இச்சொல்லுக்கு இதுவே பொருள் என்று மட்டும் கூறும். இடத்திலிருந்து பெயர்த்தால் அதற்கு உயிரில்லை. இன்றைய பாடநூலின் ‘சொல்லும் பொருளும்’ பகுதி, தோற்றத்தில் நிகண்டு போன்றது. இயல்பில் அரும்பதவுரையின் வழிவந்தது. அரும்பதவுரையை எடுத்து நிகண்டைப்போல ஒப்பிக்கச் செய்வதே நம் தேர்வுமுறை செய்த பிழை என்பது கட்டுரையாளர் துணிபு. ஏழாம் வகுப்பில் ஒரு செய்யுளை ஒருமுறையும் முழுதாகப் படிக்காமல், அதன் சொற்பொருள்களை மட்டும் இரவில் உருவேற்றி முழு மதிப்பெண் பெற்ற நினைவு கட்டுரையாளர்க்கு உண்டு. இதைப் படிப்போருள் பலர்க்கும் இருக்கக்கூடும்.

சிந்தாமணியைப் படித்த முறை

நிகண்டு கற்ற ஒருவர் சூழல்வழிப் பொருள் காணும் வேலையில் முழுதாக இறங்கினால் என்ன நேரும் என்பதற்குச் சிறந்த சான்று சாமிநாதையரே. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் நிகண்டுகளும் கற்றுத் தேர்ந்த கல்லூரி ஆசிரியர்க்கு அந்நூலின் பல பகுதிகள் விளங்கவில்லை. சொற்கள் தெரிந்திருந்தும் பொருள் பிடிபடாத இடங்கள் பல. நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது எடுத்தாளும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடியபோதே சங்கநூல்களின் சுவடிகள் அவர் கவனத்திற்கு வந்தன. ஓரிடத்துச் சொல்லுக்குப் பிறிதோரிடத்து வழக்கு விளக்கம் தந்தது.

அதனாலும் தீராதவை சமண சமயக் கருத்துகள். அவற்றுக்காகக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அவர் சென்ற ஓரில்லத்தில் சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததை விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். தமக்கு அரிய நூலாயிருந்தது ஒரு வீட்டாரின் வாழ்க்கைக்குள் வழங்கும் நூலாயிருந்ததைக் கண்டார் அவர். கவசம் புக்கவன் முன் நிற்பவனுக்குக் குதிரை விளங்கியதுபோல, அவ்வீட்டார்க்கு அச்சொற்கள் விளங்கின. ஏழாண்டு உழைப்பின்பின் 1887-இல் பதிப்பு வெளிவந்தது. சூழல் என்பது நூலுக்குள் அடங்குவதன்று, அச்சொல்லை வழங்கும் மக்களிடமும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் அரிது.

முன்னும் பின்னும் நாடுவதற்கு எல்லை உண்டா என்பது வேறொரு வினா. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், தொலைவிலுள்ள சொற்களைக் கொண்டுகூட்டித் தாம் கருதிய பொருளை வருவித்தார் என்பது மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் (1903) முன்வைத்த கண்டனம். உய்த்துணர்வு ஊகமாகச் சரியும் இடம் அது. சிறுவர்க்கு இப்பயிற்சியளிக்கும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதும் இச்சரிவையே.

பாடநூலும் பயிற்சியும்

தமிழகத்தில் அனைவர்க்கும் கல்வி இயக்கக் காலத்தில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி அறிமுகமாயிற்று. பாடத்தைத் தாமே படித்து, புதிய சொற்களை அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து தொகுக்கும் படிநிலைகள் அதில் இருந்தன. சொல்லை அடிக்கோடிடச் செய்தது நல்ல தொடக்கம். ஆயினும் அடிக்கோடிட்ட சொல்லுக்கு அடுத்து நிகழ்ந்தது அகராதியையோ ஆசிரியரையோ நாடுவதே. நடுவில் இருக்க வேண்டிய ஊகமும் சரிபார்த்தலும் தனிப்படியாக வளரவில்லை. 2018 முதல் வந்த பாடநூல்கள் அழகிலும் பொருளடக்கத்திலும் முன்னையவற்றினும் மேம்பட்டவை. எனினும் செய்யுளை அடுத்தே சொற்பொருள் தரப்படுவதால், மாணவர் ஊகிப்பதற்கு முன்பே விடை கண்ணில் படுகிறது.

இதற்காகச் சூழலை மட்டும் நம்புவதும் தகாது. பெக், மெக்கியோன், மெக்காசிலின் ஆகியோர் 1983-இல் எழுதிய கட்டுரை, எல்லாச் சூழல்களும் ஒருதன்மையன அல்ல எனக் காட்டிற்று: பொருளை நேராகக் காட்டுவன, பொதுவாகக் காட்டுவன, ஒன்றும் காட்டாதன, தவறான வழியில் செலுத்துவன என நான்கு. சுவான்போர்னும் டி குளோப்பரும் 1999-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இயல்பான வாசிப்பில் எதிர்ப்படும் அறியாச் சொற்களுள் ஏறத்தாழ 15 விழுக்காடே கற்கப்படுவதாகக் கண்டனர். இவ்வாய்வுகள் பிறமொழிச் சூழலில் எழுந்தவை. தமிழ்ச் செய்யுளில் புணர்ச்சியானது சொல்லின் எல்லையையே மறைப்பதால், சொற்பிரிப்பு இல்லாமல் சூழலை நாடவும் இயலாது. மறுபுறம், வேற்றுமை உருபும் வினைமுற்றின் பால் ஈறும் தமிழ் மாணவர்க்குக் கூடுதல் துணை. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளும் பயிற்சித்தாள்கள் நமக்குத் தேவை.

மடை – ஒரு பாடம்

முன்னுரையில் சுட்டிய மடைக்குத் திரும்பலாம். சேரப்பணஞ்சேரி போன்றதோர் ஊரின் ஏழாம் வகுப்பில் இச்சொல்லைத் தனியே கேட்டால் முதலில் வரும் விடை பெரும்பாலும் மடையன் என்பதாகவே இருக்கும், வகுப்பும் சிரிக்கும். அச்சிரிப்பையே தொடக்கமாகக் கொள்ளலாம். உழவர் மடையைத் திறந்தனர், வயலில் நீர் பாய்ந்தது என்றொரு தொடர். அம்மனுக்கு மடை படைத்தனர் என்றொரு தொடர். திறத்தலும் படைத்தலும் இரு பொருளைப் பிரித்துவிடுகின்றன. மடையும் மதகும் பழுதாயின என்பதில் இனம் உதவுகிறது. மடை ஆயிற்றா என்று பூசாரி கேட்டால் சார்பு உதவுகிறது. மடைப்பள்ளி என்னும் சொல்லை அறிந்த மாணவர் அங்கே தாமாகவே ஒன்றைக் கண்டுகொள்வர். இறுதியாக, அவன் மடையைப் பார்த்தான் என்னும் தொடரைத் தந்து பொருள் கேட்க வேண்டும். தெரியவில்லை என்பதே இதற்குச் சரியான விடை. இவ்விடைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியரே இப்பயிற்சியை நிறைவாகச் செய்தவர். இப்போதைய வினாத்தாளில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். மடை, மதகு, கலிங்கல் போன்ற ஏரிச்சொற்கள் இவ்வட்டாரச் சிறுவர்க்கு இரு தலைமுறைகளுக்கு முன் சிப்காட்டைப் போலவே கற்பிக்காமல் வந்தவை. தொழிற்சாலைகள் வந்து, உழவு சுருங்கியபின் அச்சொற்களுக்குரிய சார்பு அகன்றுவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கோ தமிழே புதிய சார்பு. பாடநூல் தன் மாணவரிடம் இருப்பதாகக் கருதும் உலகம் வேறு. மாணவரிடம் உள்ளது வேறு. கிளந்து கூற வேண்டும் என்னும் விதி செயற்பட வேண்டிய இடம் இது. சேனாவரையர் சொன்ன கடைசி வாயிலான பொருளைக் காட்டுதலும் இங்குக் கூடும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை.

சேரி

இவ்வூர்ப் பெயரின் இறுதியிலேயே இப்பாடத்தின் கடினமான பகுதி நிற்கிறது. இதே மாவட்டத்து உத்தரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையைக் கூறுவன, பாடநூல்களிலும் இடம்பெறுவன. அவ்வூர் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் கொண்டிருந்தது. ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். மின்வாரியத்தை அறிந்த மாணவர் வாரியத்தின் பொருளை எளிதில் ஊகித்துவிடுவர். குடும்பு என்பதைக் குடும்பம் எனக் கொள்வர். 30 என்னும் எண்ணை நோக்கச் சொன்னால் திருத்திக்கொள்வர். சேரி என்னுமிடத்தில் என்ன நேரும்? இன்று அச்சொல் யாரைச் சுட்டுகிறது, எத்தொனியில் சுட்டுகிறது என்பது வகுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். உத்தரமேரூரோ சதுர்வேதிமங்கலம், அங்குச் சேரி என்பது அந்தணர் வாழ்ந்த ஊரின் தெருப்பகுதி. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியும் மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் தங்கிய இடமே.

ஈண்டுச் சூழல் மாணவரைத் தவறான வழியில் செலுத்துகிறது. அச்சூழல் நூலில் இல்லை, ஊரில் உள்ளது. சிலர் தலைகுனிவர், சிலர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பர். ஊகிக்கச் சொல்லி ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டிய சொல்லன்று இது. கல்வெட்டில் இச்சொல் யாருக்கு வழங்கியது, பின்னர் யார்மேல் சுமத்தப்பட்டது என்பதை ஆசிரியரே முதலில் கிளந்து கூற வேண்டும். அதன்பின்னரே 12 என்னும் எண்ணையும் வாரியத்தையும் காட்டி, முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லலாம்.